மூலைக் கணக்கு

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
ஒரு சமன்பாட்டை முடித்துவிடலாம்.
சரக்கு ரயிலுக்கு எஞ்சினைக் கழற்றி
மறுமுனையில் மாட்டும் வரை
ஸ்கூட்டி சீட்டின்மேல் நோட்டு.

கல்லூரி சர்வரில் என் அனுமதி காலாவதியாகி
பதினோரு நாளாகிறது.
கையால்தான் போட வேண்டும்.

முடியைவிட மெல்லிய கண்ணாடிக் கால்வாய்.
உள்ளே ஒளிவிலகல் எண் 1.50
சுற்றிலும் 1.45
அடர்ந்த பக்கமே ஒளி ஓடும்.
குறுக்கே வெட்டிப் பார்த்தால் செவ்வகம்.

வட்டத்துக்குத் தீர்வு உண்டு.
பலகைக்கு உண்டு.
செவ்வகத்துக்கு இல்லை, அதனால்
ஒரு சமாதானம் செய்துகொள்கிறோம்:
நடுவில் அலை,
நாலு பக்கமும்
வரப்பு தாண்டிக் கசியும் ஈரமாய்
தேய்ந்துகொண்டே போகும் ஒரு வால்.
மூலைகள் நான்கில் வெளிச்சம் சொற்பம்.
விட்டுவிடு.

விட்டதும் இளகிவிடுகிறது கணக்கு.
அகலம் தனி, உயரம் தனி,
இரண்டு டான்ஜென்ட், கடைக்கால்குலேட்டர்.
1.481 என்று வந்தது.
போன மாதம் சர்வர் ராத்திரியெல்லாம் உழுது
சொன்னது 1.482.
பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான்.
கேட் எப்போதோ திறந்திருந்தது.

மூவாநல்லூரில்
அறுவடை மிஷின் வரப்போரம் நின்றது.
ஆத்தூர்க்காரர் பீடி பற்றவைத்துக் காத்திருந்தார்.
மிஷின் திரும்ப இடம் வேண்டும்;
மூலைகளை முதலில் கையால் அறுத்தாக வேண்டும்.
செங்கமலம் அரிவாளோடு
மூன்றாவது மூலையில் குனிந்திருந்தாள்.
நாலாவதில் கதிர் சாய்ந்து
சேற்றோடு ஒட்டிக் கிடந்தது.

இரவு என் அண்ணன் கலியமூர்த்தி
செலவெழுதினான்:
மிஷின் மணிக்கு இவ்வளவு, டிராக்டர், சாக்கு,
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்குப் பிடித்தது.
"மூலை எந்த வரியில இருக்கு?" என்றேன்.
"அது சில்லறை. அதையெல்லாமா எழுதுவாங்க?"

என்னிடமும் அந்த வரி இல்லை.
ஒன்றும் பேசாமல் என் நோட்டுக்குத் திரும்பினேன்.

கால்வாயைக் குறுக்கினேன்.
பாதியாக்கினேன். இன்னும் கொஞ்சம்.
1.449 என்றது சூத்திரம்.
வெளிக்கண்ணாடியைவிடக் குறைவு,
அதாவது ஒளி இல்லை, அணைந்தது.
சர்வரின் பழைய தாளில் அதே அளவுக்கு
1.452.
அணையவில்லை.
மெலிந்து, நடுவை விட்டு வெளியே பரவி,
வரப்புக்கு அப்பால்
நான் விட்ட மூலைகள் வழியாகவும்
போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அப்புறம்தான் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன்:
எந்த உலகில் என் சூத்திரம்
பிசிறில்லாமல் உண்மையாகும்?
மூலைகளில் 1.398 இருக்கும் உலகில்.
வெளியே உள்ளதைவிடவும் பள்ளம்.
அப்படி ஒரு பள்ளத்தை
நான் எங்கும் எழுதவில்லை.
சும்மா விட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.
விடுவது என்பது
இருப்பதைவிடத் தாழ்வாக வைத்து எண்ணுவதாம்.
கரண்ட் போய் வந்தது.
அந்த இரண்டு நிமிடமும்
எண் மட்டும் இருட்டில் தெரிந்தது.

திருத்த வழி உண்டு, கடினமும் இல்லை.
ஒவ்வொரு மூலையிலும் இல்லாத பள்ளத்தைத் தூர்த்து
அங்கே விழும் சொற்ப வெளிச்சத்தால் பெருக்கி
நான்கையும் கூட்டிச் சேர்.
அரைப் பக்கம்.
அந்த அரைப் பக்கத்துக்கு அஞ்சித்தான்
இத்தனை நாள்.

1.451.
ஒளி மறுபடி ஓடியது.

அண்ணன் தூங்கியபின்
அவன் நோட்டில் சாக்குக்கும் டிராக்டருக்கும் நடுவே
நெருக்கி எழுதினேன்:
செங்கமலம், நாலு மூலை, அரை நாள்.
தொகையை எழுதவில்லை.
அதை அவளிடம் கேட்க வேண்டும்.

மூன்றாம் தசமத்தில் இன்னும் ஒன்று இடிக்கிறது.
காலையில் எப்படியும்
கேட் போடுவான்.